கேரமாண்ட் இட்டாலிக்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் புத்தக வடிவமைப்புக்கு வருகிறவர்களின் ப்ரூஃப்களை அடிக்கடி பார்க்கிறேன். ஆங்கிலப் புத்தகம் என்றால் பலரும் கேரமாண்ட் எழுத்துருவைத்தான் எடுக்கிறார்கள். நல்ல தேர்வு. சறுக்குவதெல்லாம் அதன் சாய்வெழுத்தான இட்டாலிக்கில்தான், அதுவும் நான் தொழிலுக்கு வந்த புதிதில் தடுக்கிய அதே இடங்களில். அடிக்கோட்டையும் இட்டாலிக்கையும் சேர்த்துப் போடுவது போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ரோமனைச் சாய்த்துவிட்டு இட்டாலிக் என்பது

இத்தனை காலம் கழித்தும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ரோமன், அதாவது வழக்கமான நிமிர்ந்த எழுத்தைச் சாய்த்தால் அதுவே இட்டாலிக் என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் தனித்தனியாகப் பிறந்தவை. முழுக்க இட்டாலிக்கில் அச்சான முதல் புத்தகம், 1501இல் வெனிஸில் பதிப்பாளர் ஆல்டஸ் மனுஷியஸ் வெளியிட்ட, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் பதிப்பு. அதன் அச்செழுத்துகளை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அவருக்கு மாதிரியாக இருந்தது, அன்றைய அறிஞர்கள் பேனாவால் வேகமாக எழுதிய கையெழுத்து. 1989இல் வந்த அடோபி நிறுவனத்தின் கேரமாண்டிலும் இதே பிரிவு உண்டு. ரோமன், பதினாறாம் நூற்றாண்டில் அச்செழுத்து வெட்டிய கிளாட் கேரமாண்டின் அச்சுகளைப் பார்த்து வரைந்தது. இட்டாலிக், அதே நூற்றாண்டின் ராபர்ட் கிரான்ஜோன் வெட்டியவற்றைப் பார்த்து வரைந்தது. ஒரே பெயருக்குள் இரண்டு பேருடைய கைவேலை இருக்கிறது.

அதனால் உருவமே வேறு. சின்ன 'ஏ'வை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமனில் வயிற்றுக்கு மேலே ஒரு கொக்கி வளையும். இட்டாலிக்கில் வெறும் வயிறுதான். 'எஃப்' ரோமனில் எழுத்துகள் வரிசையாக நிற்கும் கோட்டின் மேலேயே நிற்கும். இட்டாலிக்கில் வால் கோட்டுக்குக் கீழே இறங்கும். 'என்', 'எம்' கால்களில் தட்டையான செரிஃப் (முனையில் வரும் சின்னக் கோடு) இருக்காது, பேனா விலகும்போது விழும் சின்னச் சுழிப்பு இருக்கும். கணினி ரோமனைப் பிடித்துத் தள்ளும்போது இதில் ஒன்றும் வராது. வட்டங்களில் தடிப்பும் மெலிவும் இடம் மாறி, 'ஓ' ஒரு பக்கம் நசுங்கியதுபோல் ஆகிவிடும்.

ஒரு கட்டுரைத் தொகுப்பில் நடந்தது இது. வடிவமைத்தவர் கேரமாண்டின் ரெகுலர் கோப்பை மட்டும் நிறுவிவிட்டு, நூற்பெயர்களுக்கும் மேற்கோள்களுக்கும் இட்டாலிக் பொத்தானை அழுத்திக்கொண்டே போயிருந்தார். பொருளடக்கம், சொல்லடைவு எல்லாம் முடிந்து கடைசி ப்ரூஃபாகத்தான் என்னிடம் வந்தது. ஒரு நூற்பெயரில் 'எஃப்' வாலில்லாமல் கோட்டின் மேல் நின்றது. சரி, அசல் கோப்பை நிறுவினால் தீர்ந்தது என்றார் அவர். தீரவில்லை. அசல் இட்டாலிக் ரோமனைவிடக் குறுகலானது. வரிகள் சுருங்கின, பத்திகளின் கடைசி வரிகள் மேலேறின, பக்கங்கள் நகர்ந்தன. சொல்லடைவின் ஒவ்வொரு எண்ணையும் திரும்பச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. அச்சகத்தில் வாங்கியிருந்த தேதியும் போயிற்று. முதல் பக்கத்திலேயே அந்த 'எஃப்'பைக் கவனித்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

ஆகவே வேலை தொடங்கும் முன்பே எழுத்துருவில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸோடு வரும் கேரமாண்டில் ரெகுலர், போல்டு, இட்டாலிக் என்று மூன்றுதான். போல்டு இட்டாலிக் கிடையாது. ஆனாலும் இரண்டு பொத்தான்களையும் அழுத்தினால் வேர்டு மறுக்காது, தானே ஒன்றைச் செய்து கொடுத்துவிடும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் அப்படித் தானாகச் செய்யாது. ஆனால் கேரக்டர் பேனலில் சாய்க்கும் வசதி இருக்கிறது. அங்கே பூஜ்ஜியம் தவிர வேறு எண் இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இணையப் பக்கத்தில் இதே தவறு இரண்டு விதமாக வரும். இட்டாலிக் கோப்பை இணைக்காவிட்டால் பிரவுசர் ரோமனைச் சாய்க்கும். கோப்பை இணைத்தும், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் அது இட்டாலிக் என்று அறிவிக்காவிட்டால், ஏற்கெனவே சாய்ந்திருப்பதை இன்னொரு முறை சாய்க்கும். ஃபாண்ட்-சிந்தசிஸ் பண்புக்கு 'நன்' (none) என்று கொடுத்துவிட்டால் பிரவுசரின் கைவேலை நிற்கும், விடுபட்டது எங்கே என்றும் உடனே தெரியும்.

பக்கம் பக்கமாக இட்டாலிக்

ஆல்டஸ் முழுப் புத்தகமே போட்டாரே என்பார்கள். அது செய்யுள், வரிகள் தனித்தனியாக நிற்கும். பெரிய (கேப்பிடல்) எழுத்துகளையும் அவர் நிமிர்ந்த ரோமனிலேயே வைத்திருந்தார். இன்றைய நீண்ட உரைநடைப் பத்தியில் இந்த இரண்டுமே இல்லை. முன்னுரை முழுவதையும் இட்டாலிக்கில் விட்டால் வாசகர் தாண்டிப் போய்விடுவார். நான்கைந்து வரி மேற்கோள் வரை சரி.

ஸ்வாஷ் (அலங்கார வால் நீண்ட) எழுத்துகளாலேயே ஒரு முழுச் சொல்

வேண்டாம். சொல்லின் தொடக்கத்தில் ஒன்று போதும்.

சின்ன (லோயர்கேஸ்) எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டுவது

ஓடுகிற கையெழுத்தின் ஓட்டமே அறுந்துபோகும்.

இட்டாலிக்குக்குள் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட

ரோமனுக்குத் திரும்புங்கள்.

அடைப்புக்குறியில் முட்டும் 'எஃப்'

இட்டாலிக் 'எஃப்'பின் தலை வலப்பக்கம் நீண்டு வளையும். அதை அடுத்து நிமிர்ந்த அடைப்புக்குறியோ மேற்கோள்குறியோ வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சின்ன அளவில் அச்சானால் மைத் துளிபோலத் தெரியும். அச்சுக்கோப்பு மென்பொருளான லேடெக்கில் இட்டாலிக் கட்டளையே அந்த இடத்தில் கொஞ்சம் இடைவெளி சேர்த்துவிடும். மற்ற மென்பொருள்களில் நாம்தான் கெர்னிங் (இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இடைவெளிச் சரிசெய்தல்) கொடுக்க வேண்டும். திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அச்சாகும் அளவிலேயே ஒரு தாள் எடுத்து, 'எஃப்'பில் முடியும் சொற்களை மட்டும் தேடிப் பாருங்கள்.