வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையைச் சீண்டினால் முதலில் செய்ய வேண்டியவை

பிள்ளை வந்து சொன்னதும் போனைப் பிடுங்காதீர்கள். இணையத்தில் நடக்கும் கொடுமையைப் பிள்ளைகள் வீட்டில் மறைப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், சொன்னால் போன் போய்விடும் என்ற பயம். இப்போது பிடுங்கினால் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார்கள். "சொன்னது நல்லதாப் போச்சு, நான் பார்த்துக்கறேன்" என்பது முதல் நாளுக்குப் போதும்.

கோபத்தில் சீண்டிய பிள்ளையின் பெற்றோரை உடனே கூப்பிடுவதுதான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கிறது. அந்தப் பேச்சு முடிவதற்குள் குழுவில் எல்லாம் அழிக்கப்பட்டிருக்கும். ஆகவே முதலில் ஆதாரம். செய்தியின் தேதியும் நேரமும் தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். சேமித்த எண் என்றால் பெயர் மட்டுமே தெரியும். அனுப்பியவரின் விவரப் பக்கத்தைத் திறந்து, எண் தெரியும்படி இன்னொரு ஸ்க்ரீன்ஷாட் வேண்டும். இன்ஸ்டாகிராம் போலிக் கணக்கில் பெயரும் படமும் நொடியில் மாறும். கணக்கின் லிங்க்கை நகலெடுத்து, பார்த்த நேரத்தோடு எழுதி வையுங்கள். தானாக மறையும் செய்திகள் 24 மணி நேரத்திலேயே போய்விடலாம் என்பதால் நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

பிளாக் செய்வதும் புகார் அனுப்புவதும் அதற்குப் பிறகுதான். வாட்ஸ்அப்பில் புகார் செய்யும்போது, பிளாக் செய்து சாட்டையும் நீக்கும் தேர்வு வரும். கவனிக்காமல் அனுப்பினால் உங்கள் கையிலிருந்த ஆதாரமும் சேர்ந்து போகும்.

நிர்வாணப் படமோ மார்ஃபிங் செய்த ஆபாசப் படமோ என்றால் வழி வேறு. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுக்கவோ, ஆசிரியருக்கு "பாருங்கள்" என்று அனுப்பவோ கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவரின் அத்தகைய படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். நல்ல எண்ணத்தில் அனுப்புவதும் இன்னொரு பரப்பல்தான். லிங்க், யூசர்நேம், நேரம் இவற்றை மட்டும் குறித்துக்கொண்டு, பிள்ளையின் போனை அப்படியே காவல்துறையிடம் காட்டுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான தனிப் பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். படம் பிள்ளையின் போனிலேயே இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உதவும். படம் போனை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து போனிலேயே உருவாகும் ஒரு குறியீடு மட்டும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்குச் செல்லும். வாட்ஸ்அப் சாட்டுக்குள் இருப்பதை இது பிடிக்காது.

பள்ளியில் தலைமையாசிரியருக்கு எழுத்தில் புகார் தந்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துடன் நகல் வாங்குங்கள். பாலியல் குற்றம் என்றால் பள்ளி உள்ளுக்குள்ளேயே சமாதானம் பேசி முடிக்க முடியாது; போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி தெரிந்தவர்கள் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மற்ற சம்பவங்களிலும் இரு பிள்ளைகளையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைப்பது தவறு. பாதிக்கப்பட்டவர் அங்கே வாய் திறக்க மாட்டார். சீண்டல் வேறு குழுவுக்கு இடம் மாறும். தனித்தனியே விசாரிக்க வேண்டும். அட்மின் யார், பார்வர்ட் செய்தது யார், சிரிப்பு எமோஜி போட்டது யார் என்பதும் அதில் வர வேண்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சம்பவத்தைச் சொல்லி "எச்சரிப்பது" கூடவே கூடாது. பெயரைச் சொல்லாவிட்டாலும் வகுப்புக்கே ஆள் யாரென்று புரிந்துவிடும்.

உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் 14417, மனநல ஆலோசனைக்கு 14416. தூக்கமின்மை, பள்ளிக்குப் போக மறுப்பு, "இருந்து என்ன பயன்" போன்ற பேச்சு தெரிந்தால், புகாருக்கு முன்பே கடைசி எண்ணை அழையுங்கள். அந்த இரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.