நிலக்கரி லாரியில் நெடுந்தூரம் செல்லும் ஓட்டுநர் கவனிக்க வேண்டியவை

சுரங்க வாயிலில் சுமைக்காக வரிசையில் நிற்கும் நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை வண்டியை நகர்த்த வேண்டிய இடத்தில் எவரும் ஆழ்ந்து உறங்க முடியாது. அப்படியிருந்தும் அந்த நேரத்தை ஓய்வென்று எழுதிக்கொள்ளும் வழக்கமே பல விபத்துகளுக்கு வித்திடுகிறது. கடைசியாக உறங்கி எழுந்த நேரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் தடுமாற்றத்துக்கு ஈடானது என்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி கண்ணயர்ந்தால், வண்டி ஏறத்தாழ 89 மீட்டர் தூரம் தானே ஓடியிருக்கும். பின்னிரவு 2 மணி முதல் 5 மணி வரை உடல் தூக்கத்தை மிகுதியாகக் கேட்கும் என்பதால், அந்த நேரத்தில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி உறங்குவதே சரி. நீண்ட நேரம் உறங்க வழியில்லையெனில், வண்டியை நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் கண்ணயருங்கள். காபி வேலைசெய்யத் தொடங்கும் வேளையில் விழிப்பு வரும். இது தற்காலிகத் தீர்வுதான், உறக்கத்துக்கு மாற்றாகாது.

சுமை ஏற்றும்போது கண்ணாடிகளை மூடிவிட்டு, அங்குள்ளவர்கள் சொல்லும் இடத்தில் மட்டும் இருங்கள். சுமை ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால், அதைச் சமப்படுத்தாமல் எடைமேடைக்குச் செல்லாதீர்கள். தார்ப்பாய் கட்டும்போது நிலக்கரிக் குவியல்மீது ஏறக் கூடாது. முகத்தில் கட்டும் துண்டு மென்தூளைத் தடுக்காது. முகத்தோடு பொருந்தும் தூசித் தடுப்பு முகமூடியே வேண்டும்.

நிலக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து தானாகவே சூடாகும் இயல்புடையது. வண்டி பல நாட்கள் நின்றுவிட்டால் இந்த ஆபத்து கூடும். தார் போன்ற வாடையோ புகையோ தெரிந்தால், மற்ற வண்டிகளிலிருந்து விலகித் திறந்தவெளியில் நிறுத்தி, தீயணைப்புத் துறையை அழைத்து, உள்ளே இருப்பது நிலக்கரி என்று முதலிலேயே சொல்லுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது என்பதால், குவியலருகே குனிந்து பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

மலைப்பாதையில் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே குறைந்த கியருக்கு மாறிவிட வேண்டும். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பு போய்விடும்.

இறக்கும் இடத்தில் சமதரையைத் தேடுங்கள். மேலே மின்கம்பி செல்கிறதா என்றும் பாருங்கள். ஈர நிலக்கரி ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டால், சுமையைக் கொட்டத் தூக்கிய தொட்டியோடு வண்டியே சரிந்துவிடும். ஆகவே பக்கவாட்டில் ஒருவரையும் நிற்க விடாதீர்கள். தொட்டி முழுதும் இறங்கிய பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

தூசியால் நுரையீரலில் ஏற்படும் பாதிப்பு பல ஆண்டுகள் கழித்தே வெளியில் தெரியும். எனவே இருமல் நீடித்து மருத்துவரிடம் செல்லும்போது, எத்தனை ஆண்டுகளாக நிலக்கரி ஏற்றிச் செல்கிறீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.