ஈயம் எல்லாவற்றையும் தடுத்துவிடுமா?

பள்ளி இயற்பியல் புத்தகங்களில் ஒரு படம் உண்டு. ஆல்ஃபா கதிர் ஒரு தாளில் முட்டி நிற்கும். பீட்டா தாளைத் தாண்டி அலுமினியத் தகட்டில் நிற்கும். காமா இரண்டையும் தாண்டி ஈயக் கட்டியில் போய் முடியும். படத்தில் பெரிய பொய் எதுவும் இல்லை. ஆனால் அது நம் மனதில் ஓர் ஏணியைச் சாத்திவிடுகிறது: கனமான பொருள் எதையும் தடுக்கும், ஈயம்தான் உச்சிப்படி. கதிர்வீச்சைப் பற்றி நாம் செய்யும் தவறுகளில் பல இந்த ஏணியிலிருந்து விழுந்தவைதான்.

முதலில் காமா. "இத்தனை சென்டிமீட்டர் ஈயம் வைத்தால் காமா நின்றுவிடும்" என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். ஆல்ஃபாவும் பீட்டாவும் மின்னூட்டம் கொண்டவை. போகிற வழியெல்லாம் எலக்ட்ரான்களை இடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலை இழந்து, ஓரிடத்தில் நின்றே தீரும். காமாவுக்கு அப்படி ஓர் எல்லைக்கோடு கிடையாது. காமாவின் ஒரு ஃபோட்டான், அதாவது ஓர் ஒளித்துகள், முதல் மில்லிமீட்டரிலேயே சிக்கலாம், இன்னொன்று எதிலும் படாமல் முழு ஆற்றலோடு மறுபக்கம் வந்துவிடலாம். அதனால் 'பாதியாக்கும் தடிமன்' என்றுதான் பேச வேண்டும். கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வீசும் காமாவுக்கு அது ஈயத்தில் சுமார் 1.2 செ.மீ., கான்கிரீட்டில் சுமார் 6 செ.மீ. 12 செ.மீ. ஈயம் வைத்தால் பத்து முறை பாதியாகி, ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சும். உள்ளே சிதறி வெளியே வருவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். பூஜ்யம் மட்டும் ஆகாது.

இதே கணக்கை எக்ஸ்ரே அறையில் மாட்டிக்கொள்ளும் ஈய அங்கிக்குப் போட்டுப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான அந்த அங்கி, மருத்துவமனை எக்ஸ்ரேயில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கோபால்ட்-60 முன்னால் அதே அங்கியோடு நின்றால் நூற்றுக்கு 3 பங்குதான் குறையும். தோள்வலிதான் மிச்சம்.

பீட்டாவுக்கு ஈயம் வைப்பது அடுத்த தவறு. அலுமினியமே போதும் என்றால் ஈயம் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஈயத்தின் அணுக்கரு மின்னூட்டம் மிகப் பெரியது. வேகமாக வரும் எலக்ட்ரான் அதன் அருகே வளைந்து சட்டென்று வேகம் குறையும்போது, இழந்த ஆற்றல் எக்ஸ்ரேயாக வெளிப்படும். பீட்டாவைத் தடுக்கப் போய் எக்ஸ்ரேயை உண்டாக்கிக்கொள்கிறோம். பீட்டா உமிழும் பாஸ்பரஸ்-32 வைத்து வேலை செய்யும் ஆய்வகங்களில் சுமார் 1 செ.மீ. தடிமனுள்ள அக்ரிலிக் பலகை இருப்பது அதனால்தான். ஈயம் தேவைப்பட்டால் அதற்கு வெளியேதான் வைக்க வேண்டும்.

ஏணி முற்றாக உடைவது, மின்னூட்டமே இல்லாத அணுக்கருத் துகளான நியூட்ரானிடம். கோலி விளையாடியவர்களுக்கு இது எளிது. ஒரு கோலி அதே அளவுள்ள இன்னொரு கோலியை நேராக அடித்தால், அடித்தது நின்றுவிடும், அடிபட்டது ஓடும். அம்மிக்கல்லில் மோதினால் வந்த வேகத்திலேயே திரும்பிவிடும். நியூட்ரானுக்கு ஹைட்ரஜன் அணுக்கரு சம எடையுள்ள கோலி, ஈயம் அம்மிக்கல். நேருக்கு நேர் மோதினாலும் ஈயத்தில் அதன் ஆற்றல் நூற்றுக்கு 2 பங்குதான் குறையும். ஹைட்ரஜனில் சராசரியாக ஒரே மோதலில் பாதி போய்விடும். ஆகவே வேக நியூட்ரானுக்குத் தண்ணீர், பாரஃபின் மெழுகு, பாலித்தீன்தான் சரியான தடுப்பு. வேகம் குறைந்த பின் போரானோ காட்மியமோ அதை விழுங்கிக்கொள்ளும். அந்த விழுங்கலில் காமா பிறக்கும். அப்போதுதான் ஈயத்துக்கு வேலை.

கல்பாக்கத்தில் காமினி என்ற சிறிய அணு உலை இந்தத் தலைகீழ் குணத்தைப் பயன்படுத்துகிறது. ராக்கெட்டுகளில் பயன்படும் வெடிக்கருவிகளின் உலோக உறையை நியூட்ரான் எளிதாகக் கடந்துவிடும். ஹைட்ரஜன் உள்ள வெடிமருந்துதான் படத்தில் நிழலாகத் தெரியும். எக்ஸ்ரேயில் உறைதான் முன்னால் வந்து மறைக்கும்.

அப்புறம், ஊடுருவாதது ஆபத்தில்லை என்ற நினைப்பு. ஆல்ஃபாவைத் தோலின் மேலுள்ள இறந்த செல்களே தடுத்துவிடும், உண்மைதான். 2006-ல் லண்டனில் நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட முன்னாள் ரஷ்ய உளவாளி அலெக்சாண்டர் லித்வினென்கோ குடித்த தேநீரில் இருந்தது ஆல்ஃபா உமிழும் பொலோனியம்-210. வயிற்றுக்குள் போன பிறகு தடுக்கத் தோல் இல்லை. ஊடுருவாததால்தான் தன் ஆற்றல் முழுவதையும் பக்கத்திலிருந்த செல்களிலேயே கொட்டியது.

கதிர் பட்ட பொருள் தானும் கதிர் வீசத் தொடங்கும் என்பது கடைசித் தவறு. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் மாம்பழங்களைக் காமா கதிரில் காட்டி அனுப்புகிறார்கள், பழம் கதிரியக்கம் ஆவதில்லை. கோபால்ட்-60 காமாவின் ஆற்றல் 1.17, 1.33 எம்.இ.வி. (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்). பழத்திலுள்ள அணுக்கருக்களை உடைக்க அது போதாது. நியூட்ரான் பட்டால்தான் கதை வேறு. அந்தக் கோபால்ட்-60 கூட, சாதாரண கோபால்ட்-59 அணு உலைக்குள் ஒரு நியூட்ரானை விழுங்கியதால் உருவானதுதான்.