வழக்கை நேரே டெல்லியில் போடலாமா?

"நேரா சுப்ரீம் கோர்ட்டுக்கே போயிடலாம்" என்று யாராவது கிளம்பினால் முதலில் பார்க்க வேண்டியது, சண்டை யாருக்கும் யாருக்கும் என்பதைத்தான்.

மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும், அல்லது இரண்டு மாநிலங்களுக்கு இடையே சட்ட உரிமை பற்றிய தகராறு என்றால் அரசியலமைப்பின் 131-வது பிரிவு. அதை விசாரிக்க வேறு எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் கிடையாது. இது ரிட் மனு (அரசுக்கு உத்தரவு போடச் சொல்லிக் கேட்கும் மனு) இல்லை, எழுவினா (எதை எதைத் தீர்க்க வேண்டும் என்று கோர்ட் வகுக்கும் கேள்விகள்), சாட்சியம் என்று நடக்கும் அசல் வழக்கு, அதனால் இழுக்கும். முல்லைப் பெரியாற்றில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2006 பிப்ரவரியில் தீர்ப்பு வந்த கையோடு கேரளம் சட்டத்தைத் திருத்தி 136 அடியோடு நிறுத்தப் பார்க்க, தமிழ்நாடு அந்த வருஷமே 131-ன் கீழ் போனது. திருத்தம் செல்லாது என்று தீர்ப்பு வாங்க 2014 மே ஆகிவிட்டது. 131-வது பிரிவு வழக்கில் தனியார் யாரையும் ஒரு தரப்பாகச் சேர்க்க முடியாது, அதையும் கவனியுங்கள்.

காவிரி மாதிரி தண்ணீர்ப் பங்கீடு என்றால் 131 உதவாது, மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறு பற்றிய 1956-ம் வருஷச் சட்டப்படி நடுவர் மன்றம்தான். 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னதே என்கிறீர்களா? அது மேல்முறையீட்டில் வந்தது.

சரி, நீங்களும் நானும்? அடிப்படை உரிமை மீறல் என்றால் 32-வது பிரிவில் டெல்லிக்கும் போகலாம், 226-ல் ஹைகோர்ட்டுக்கும் போகலாம். ஹைகோர்ட்டுக்கே போங்கள் என்பேன். டெல்லிக்குப் போனாலும் பல நேரம் "முதலில் ஹைகோர்ட்டுக்குப் போங்கள்" என்றுதான் திருப்பி அனுப்புவார்கள். தவிர 226-ன் வீச்சு பெரியது. நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது என்று வையுங்கள், சொத்துரிமை 1979-லிருந்து அடிப்படை உரிமையே இல்லை, அதை மட்டும் வைத்து 32-ல் நிற்க முடியாது, 226-ல் நிற்கலாம். எதிர்த்தரப்பு டெல்லி அதிகாரியாக இருந்தாலும், வழக்குக்கு மூலமான விஷயத்தில் ஒரு பகுதியாவது இங்கே நடந்திருந்தால் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ போடலாம். ஒன்று மட்டும்: வழக்கில் நியாயம் இருக்கிறதா என்று பார்த்தே ஹைகோர்ட் தள்ளுபடி செய்துவிட்டால், அதே விஷயத்தைப் புதிதாக 32-ல் கிளப்ப முடியாது, அப்பீல்தான்.

அப்புறம் தேர்தல். ஜனாதிபதி, துணை ஜனாதிபதி தேர்தல் தகராறு சுப்ரீம் கோர்ட்டுக்கு மட்டும். எம்.பி., எம்.எல்.ஏ. வெற்றியை எதிர்ப்பதானால் ஹைகோர்ட்டில், 45 நாளுக்குள். அது தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடவும் வழியில்லை.