பூனை சினையா, வெறும் தொப்பையா? வாரவாரியாகக் கண்டுபிடிப்பது எப்படி

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பூனையைக் காட்ட வேண்டும் என்றால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மாட்டாஸ்பத்திரிதான். பசுவும் ஆடும் நிற்கிற வரிசையில் நாமும் பூனைக் கூடையோடு நிற்க வேண்டும். ஸ்கேன் என்றால் பாலக்காடோ பொள்ளாச்சியோ போகிற வேலை. அதனால் எந்த வாரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று வீட்டிலேயே தெரிந்துவைத்திருப்பது நல்லது. எங்கள் பூனையிடம் பார்த்ததையும் டாக்டர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

1. நாளைக் குறியுங்கள்

பெட்டைப் பூனை பருவத்துக்கு வந்தால் ஊருக்கே தெரியும். தரையில் உருளும், பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும், ராத்திரியெல்லாம் கத்தும். பூனைக்கு இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளிவரும். அதனால் கடுவனோடு சேர்ந்த நாள் தெரிந்தால் கணக்கு அநேகமாகத் தப்பாது. அந்த நாளிலிருந்து 63 முதல் 67 நாளில் குட்டி போடும். நாள் தெரியாவிட்டால் கத்தல் அடங்கிய நாளைக் குறித்துவையுங்கள். தினசரிக் காலண்டரில் குறிக்காதீர்கள், மறுநாள் யாராவது கிழித்துவிடுவார்கள். மாதக் காலண்டர்தான் சரி.

2. காம்பைப் பாருங்கள்

எல்லோரும் தடுமாறும் இடம் இது. முதல் மூன்று வாரம் வயிற்றில் ஒன்றும் தெரியாது. ஆனால் 15 முதல் 21 நாளுக்குள் காம்புகள் தடித்து, ரோஜா நிறத்துக்கு வரும். சுற்றியுள்ள முடியும் கொஞ்சம் விலகும். இதுதான் முதல் அடையாளம்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. காலை வெயில் விழும் ஜன்னல் பக்கம் பூனையை மல்லாக்கப் படுக்கவைத்து, அடிவயிற்று முடியை இரண்டு விரலால் விலக்கிப் பாருங்கள். செல்போன் பிளாஷ் வேண்டாம், அந்த வெளிச்சத்தில் எந்தப் பூனையும் சினைப்பூனைதான்! பருவத்துக்கு வந்த அன்றே ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் ஒப்பிடலாம். முன்பே குட்டி போட்ட பூனைக்குக் காம்பு எப்போதும் சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும். அங்கே அளவை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் பாருங்கள்.

இதிலும் ஒரு சிக்கல். கரு தங்காவிட்டாலும் சில பூனைகளுக்குக் காம்பு சிவக்கும், பொய்ச் சினை. ஐந்தாறு வாரத்தில் அது தானாக அடங்கி, பூனை மறுபடி கத்தத் தொடங்கும். உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் நான்காவது வாரத்தில் ஸ்கேன் எடுங்கள், குட்டிகளின் இதயத் துடிப்பே தெரியும். எத்தனை குட்டி என்று எண்ண 45 நாளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேதான் நம்பகமானது. வயிற்றை அமுக்கித் தடவிப் பார்ப்பது டாக்டர் வேலை. நீங்கள் செய்யாதீர்கள், குட்டிக்கு ஆபத்து.

3. எடையும் சாப்பாடும்

ஐந்தாவது வாரம் வாக்கில் வயிறு விலாவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் அகலும். மேலேயிருந்து பார்த்தால் தெரியும். குடற்புழு இருந்தாலும் வயிறு உப்பும், ஆனால் முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். எடை பார்க்க, பயணப் பெட்டிக்கு மாட்டும் டிஜிட்டல் தொங்கு தராசில் துணிப்பையோடு பூனையைத் தொங்கவிடுங்கள். நாம் ஏறி நிற்கும் தராசை நான் நம்புவதில்லை. மொத்தத்தில் ஒரு கிலோவோ அதற்கு மேலோ ஏறும்.

பெரிய பூனைக்கான தீவனத்தை நிறுத்திவிட்டு, குட்டிப் பூனைக்கான தீவனத்துக்கு மெல்ல மாற்றுங்கள். அதோடு வேகவைத்த மத்தி, கோழி கொடுக்கலாம். வெறும் சோறு போதாது. பக்கத்து வீட்டுச் சேச்சி 'பிள்ளைத்தாச்சி' என்று தினமும் ஒரு கிண்ணம் பசும்பால் கொண்டுவருவார். நிறையப் பூனைகளுக்குப் பசும்பால் வயிற்றுப்போக்கைத் தரும். சேச்சியின் மனம் கோணக்கூடாது என்பதால், பாலை வாங்கி நாங்கள் டீ போட்டுக்கொள்கிறோம்.

மனிதர்களுக்கான பாராசிட்டமால் பூனைக்கு விஷம். புழு மருந்தோ உண்ணி மருந்தோ, டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

4. ஏழாவது வாரம் முதல்

பூனை தூங்கும்போது விலாப்பக்கம் கவனியுங்கள், தோலுக்கடியில் குட்டி அசைவது தெரியும். கடைசி இரண்டு வாரத்தில் பீரோ, அலமாரி, கட்டிலடி என்று இடம் தேடும். அட்டைப்பெட்டியில் பழைய பருத்திப் புடவையை விரித்து மூலையில் வைத்துவிடுங்கள். கடையில் விற்கும் மெத்தை தண்டம். மழைக்காலத்தில் பெட்டியைப் பலகை மேல் ஏற்றுங்கள். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

5. குட்டி போடும் நேரம்

உடல் சூடு 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி வரும். முனை வளையும் டிஜிட்டல் தெர்மாமீட்டரில் வாசலின் தடவி ஆசனவாயில் பார்க்க வேண்டும். பூனை சீறினால் விட்டுவிடுங்கள், சாப்பாட்டை ஒதுக்குவதும் நிலைகொள்ளாமல் அலைவதும் போதிய அறிகுறி.

அப்புறம் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் போதும். ஆனால் அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால், முதல் குட்டிக்கு முன்பே பச்சையாகவோ நாற்றத்தோடோ நீர் கசிந்தால், ரத்தம் நிற்காமல் போனால், உடனே வண்டி பிடியுங்கள். ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று முன்கூட்டியே விசாரித்து போன் நம்பரை வாங்கி வையுங்கள். திருச்சூர் பக்கம் மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

பின்சேர்க்கை

'இரண்டு குட்டி போட்டுவிட்டுத் தூங்கிவிட்டது, வயிறு இன்னும் பெரிதாக இருக்கிறது' என்று ஒருவர் கேட்டிருந்தார். பூனை நடுவில் நிறுத்தி, பல மணி நேரம் கழித்து மிச்சத்தைப் போடுவது உண்டு. சுறுசுறுப்பாகக் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் பொறுக்கலாம். சோர்ந்து கிடந்தால் டாக்டர்தான்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். பூனையை விரட்ட வேண்டாம். மலத் தட்டை மட்டும் வேறு யாராவது தினமும் சுத்தம் செய்யட்டும், பூனை மலம் வழியாகப் பரவி வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமித் தொற்றுக்காகத்தான் இந்த முன்னெச்சரிக்கை. இன்னொன்று: பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினையாகலாம், கடுவனை உள்ளே விடாதீர்கள். குட்டிகள் பால் மறந்ததும் கருத்தடை அறுவைக்கு நாள் கேட்டுவிடுங்கள்.