தொலைபேசிக் கம்பெனிக்கு விதியிலிருந்து விலக்கு கேட்டு மனு தயாரிப்பது எப்படி

கோத்தகிரியில் என் வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்து அறைதான் என் ஆபீஸ். அமெரிக்காவில் ஒரு வக்கீல் அலுவலகம், அங்கே உள்ள சின்னத் தொலைபேசிக் கம்பெனிகளுக்காகப் போடும் மனுக்களை நான் பதினோரு வருஷமாகத் தயாரித்துக் கொடுக்கிறேன். வாஷிங்டனில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஆறரை. அவர்களுக்குக் குளிர்காலம் வந்தால் ஏழரை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது சட்டம் படித்துவிட்டு இதே மாதிரி வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் முதலில் தடுமாறுவது ஃபார்பேரன்ஸ் என்ற விலக்கு மனுவில். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்துவது எஃப்சிசி என்ற ஆணையம். 1934-ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தில் 10-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. 1996-இல் சேர்த்தது. ஒரு விதி இனி ஒரு கம்பெனிக்கோ சேவைக்கோ தேவையில்லை என்று நிரூபித்தால், ஆணையம் அதை அமல்படுத்தாமல் விட்டாக வேண்டும் என்று அது சொல்கிறது. விதி புத்தகத்தில் அப்படியே இருக்கும், அந்தக் கம்பெனி மேல் மட்டும் பாயாது. இதுதான் ஃபார்பேரன்ஸ்.

மனுவைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, நமக்கு உண்மையில் வேண்டியது இதுதானா என்பது. ஒரு கெடு தவறிவிட்டது, ஒரு ஊரின் விசேஷ நிலைமையால் ஒரு விதி பொருந்தவில்லை என்றால் வெய்வர் மனு, அதாவது விதியைத் தளர்த்தச் சொல்லும் சின்ன மனு, போதும். அதற்கு ஆணையத்தின் விதி 1.3 இருக்கிறது, நியாயமான காரணம் காட்டினால் பரிசீலிப்பார்கள். ஆனால் வெய்வர் ஆணையத்தின் சொந்த விதிகளுக்குத்தான். நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுதிவைத்த கடமையிலிருந்து விலக வேண்டுமானால் 10-ஆவது பிரிவுக்குத்தான் போக வேண்டும். சின்னக் கம்பெனிகள் பாதி நேரம் வெய்வரோடு முடிய வேண்டிய விஷயத்துக்கு இந்தப் பெரிய மனுவைக் கேட்கும். செலவு தாங்காது என்று நான் முதலிலேயே எழுதி அனுப்பிவிடுவேன்.

சரி, ஃபார்பேரன்ஸ்தான் என்று முடிவானால், அது தனி மனுவாக இருக்க வேண்டும். வேறொரு மனுவின் கடைசிப் பத்தியில் 'இந்த விதியிலிருந்தும் விலக்கு தாருங்கள்' என்று செருகினால் எடுபடாது. தலைப்பிலேயே எந்தச் சட்டப் பிரிவின் கீழ் கேட்கிறோம் என்று இருக்க வேண்டும்.

அடுத்தது எல்லை. என்னைக் கேட்டால் மனுவின் உயிரே இங்கேதான் இருக்கிறது. எந்தச் சட்டப் பிரிவு, எந்த விதி, எந்தக் கம்பெனி, எந்தச் சேவை, எந்தப் பகுதி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். என் அப்பா தொலைபேசி லைன்மேன். பழுதுச் சீட்டில் 'லைன் வேலை செய்யவில்லை' என்று மட்டும் இருந்தால் அவர் கிளம்ப மாட்டார். எந்த டிபி பாக்ஸ், எந்த போஸ்ட், எந்த ஜோடிக் கம்பி என்று கேட்டுக் குறித்துக்கொண்டுதான் ஏணியைத் தூக்குவார். நான் முதல் வருஷத்தில் தயாரித்த ஒரு வரைவில் 'கம்பெனி சேவை தரும் எல்லாப் பகுதிகளிலும்' என்று எழுதியிருந்தேன். வக்கீலம்மா அந்த வரியை மட்டும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். அப்பாவிடம் காட்டியிருந்தால் அவரும் அதையேதான் செய்திருப்பார்.

பகுதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒமாஹா வழக்கைப் படியுங்கள். குவெஸ்ட் என்ற கம்பெனி, போட்டிக் கம்பெனிகளுக்குத் தன் கம்பிகளைக் குறைந்த வாடகைக்குத் தரும் கடமையிலிருந்து விலக்கு கேட்டது. காக்ஸ் என்ற கேபிள் கம்பெனி அங்கே வலுவாகக் காலூன்றியிருந்தது. ஆனாலும் 2005-இல் அந்தக் கடமையை ஆணையம் நீக்கியது 24 எக்ஸ்சேஞ்ச் பகுதிகளில் 9-க்கு மட்டும். ஃபீனிக்ஸ் நகருக்கு அதே கம்பெனி கேட்டது, 2010-இல் மறுக்கப்பட்டது. 'நகரத்தில் போட்டி இருக்கிறது' என்ற ஒரு வாக்கியம் போதாது, ஒவ்வொரு பகுதியிலும் யார் யார் கம்பி போட்டிருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். எங்கள் ஊரையே பாருங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபைபர் இணைப்புக்கு இரண்டு மூன்று பேர் வந்து நிற்பார்கள். ஆறு கிலோமீட்டர் தள்ளி எஸ்டேட் லைன் வீடுகளில், சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய் நின்றால்தான் மொபைலில் ஒரு கோடு சிக்னல். இரண்டும் ஒரே தாலுகாதான்.

பிறகு மூன்று சோதனைகள். கட்டணமும் நடைமுறையும் நியாயமாக, பாரபட்சமில்லாமல் இருக்க இந்த விதி தேவையில்லை என்று காட்ட வேண்டும். வாடிக்கையாளர் பாதுகாப்புக்கும் தேவையில்லை என்று காட்ட வேண்டும். விலக்கு பொதுநலனுக்கு உகந்தது என்றும் காட்ட வேண்டும், போட்டியை அது வளர்க்குமா என்பதை ஆணையம் இங்கே பார்க்கும். மூன்றும் சேர்ந்தே தேற வேண்டும். ஒன்று சறுக்கினால் மனு போச்சு.

முதல் சோதனைக்கு எல்லாரும் இருபது பக்கம் எழுதுவார்கள். இரண்டாவதுக்கு அரைப் பக்கம். அது தப்பு. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்தபோது எங்கள் தெருவில் லைன் அறுந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் வந்து ஒட்டினார்கள். எதிர்வீட்டுப் பாட்டி, கோயம்புத்தூரில் இருக்கும் மகனிடம் பேச வாரம் ஒரு தடவை எங்கள் அப்பாவின் கைப்பேசிக்காகக் காத்திருப்பார். 'வாடிக்கையாளர் பாதுகாப்பு' என்ற தலைப்பை டைப் செய்யும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டிதான் ஞாபகம். விலக்கு கிடைத்த மறுநாள் கடைசி வீட்டில் இருக்கிறவருக்கு என்ன ஆகும், அவருக்கு வேறு வழி இருக்கிறதா, விலை என்ன, அவசர அழைப்பு போகுமா என்று கம்பெனியைத் துருவிக் கேட்டு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் அந்தப் பகுதியை மனுவிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். நான் சொல்லியிருக்கிறேன், கேட்டிருக்கிறார்கள்.

2009 ஜூனில் வந்த நடைமுறை விதிகளின்படி மனு தாக்கலாகும் நாளிலேயே முழுமையாக இருக்க வேண்டும். தரவு, வாதம், பிரமாணப் பத்திரங்கள், ஆணையத்தில் நிலுவையில் இருக்கும் தொடர்புடைய விவகாரங்களில் நாம் எடுத்த நிலைப்பாடு, எல்லாம் அன்றே உள்ளே. எதிர்த்தரப்பு எழுப்பும் ஆட்சேபணைக்குப் பின்னால் பதில் சொல்லலாம். வீட்டைக் கட்டிவிட்டு அஸ்திவாரம் போட முடியாது. நிரூபிக்கும் பொறுப்பும் கடைசிவரை மனுதாரர் மேல்தான். ரகசியமான எண்கள் இருந்தால் மறைத்த பிரதி ஒன்று, முழுப் பிரதி ஒன்று. மறைத்த பிரதியில் கறுப்புக் கட்டத்துக்கு அடியில் எழுத்து இன்னும் இருக்கிறதா என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டிப் பாருங்கள். நான் இரண்டு தடவை பார்க்காமல் அனுப்புவதில்லை.

ஆணையத்துக்கு ஒரு வருஷம் அவகாசம். வேண்டுமானால் 90 நாள் நீட்டிக்கலாம். அதற்குள் மறுக்கவில்லை என்றால் மனு அனுமதிக்கப்பட்டதாகவே ஆகிவிடும். 2006 மார்ச்சில் வெரைசன் என்ற பெரிய தொலைபேசிக் கம்பெனிக்கு அப்படித்தான் நடந்தது. ஆணையத்தின் நான்கு உறுப்பினர்கள் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்து நிற்க, கெடு முடிந்து விலக்கு தானாகவே கிடைத்தது. எதிர்த்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆணையம் எந்த உத்தரவும் போடவில்லை, பரிசீலிக்க எதுவும் இல்லை என்று கோர்ட் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. காரணம் எழுதாமல் ஒரு விதி கழன்றுபோவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதை நம்பி மனு எழுதாதீர்கள். இப்போது கெடுவுக்கு 28 நாள் முன்பே வரைவு உத்தரவைச் சுற்றுக்கு விட வேண்டும், 7 நாள் முன்பே வாக்களிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கெடுவுக்கு முந்தைய 14 நாள் யாரும் ஆணையத்தாரை இது விஷயமாக அணுகக் கூடாது. சொல்ல வேண்டியதை அதற்கு முன்பே சொல்லி முடித்துவிடுங்கள்.

எதிர்ப்பு பலமாக இருந்தால் மனுவைச் சுருக்கலாம், திரும்பப் பெறலாம். ஆனால் மனு மேல் மற்றவர்கள் சொன்ன கருத்துகளுக்குப் பதில் கருத்து போடும் கடைசித் தேதியிலிருந்து 10 வேலை நாளுக்குள் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு ஆணையத்தின் அனுமதி வேண்டும். வேலை நாள் என்றால் அமெரிக்க விடுமுறைகளைக் கழித்து எண்ணுங்கள், நம் பொங்கலும் தீபாவளியும் கணக்கில் வராது. இந்தத் தேதிகளைச் சொல்லும் ஆணையத்தின் பொது அறிவிப்பு வந்த அன்றைக்கே அந்தப் பத்தாவது நாளை எண்ணி, சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிடுவேன்.