ஒரே எழுத்து, மூன்று உச்சரிப்பு: பழைய சீன அகராதியைப் படிப்பது எப்படி?

செம்மொழிச் சீனம் படிக்கத் தொடங்கியதும் வரும் முதல் குழப்பம் இது: ஓர் எழுத்தைத் தேடினால் அகராதி இரண்டு மூன்று உச்சரிப்புகளைக் காட்டும். எதை எடுப்பது? 'நீளம்' என்ற பொருளுள்ள எழுத்தை வைத்தே செய்து பார்ப்போம். அதன் யூனிகோட் எண் 9577. வேர்டில் ஆங்கிலத் தட்டச்சுக்கு மாறி அந்த எண்ணை அடித்து, ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்துங்கள், எழுத்து வந்துவிடும்.

படி 1: உச்சரிப்புகளைப் பிரியுங்கள்

பொருளை அப்புறம் பார்க்கலாம். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ஒரே ஒரு பொருளைச் சொல்லிவிட்டு நின்றுவிடும், அது வேண்டாம். ஆங்கில விக்‌ஷனரிதான் என் தேர்வு. ஒவ்வொரு உச்சரிப்புக்கும் தனித் தலைப்பு இருக்கும், இடைக்கால ஒலியும் அங்கேயே கிடைக்கும்.

இந்த எழுத்துக்கு இன்றைய பொதுச் சீனமான மாண்டரினில் சாங் (2ஆம் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம்), ஜாங் (3ஆம் தொனி), ஜாங் (4ஆம் தொனி) என மூன்று. இங்கே 'ச' என்று நான் எழுதுவது மூச்சு வெடித்து வரும் ஒலி, 'ஜ' மூச்சு வெடிக்காத ஒலி.

படி 2: வடிவத்தைப் பாருங்கள்

ஆமையோட்டிலும் எலும்பிலும் பொறித்த மிகப் பழைய சீன எழுத்துகளில் இது நீண்ட முடியுள்ள மனித உருவம். சிலவற்றில் கையில் கோலும் உண்டு. நீண்ட முடியிலிருந்து நீளம், வளர்தல், மூத்தவர், தலைவர் என்று பொருள் விரிந்ததாகக் கொள்ளலாம். கி.பி. 100 வாக்கில் ஷு ஷென் தொகுத்த அகராதி இதை வேறு மாதிரி பிரிக்கிறது. அந்த எலும்பு எழுத்துகள் அறிஞர்கள் கண்ணில் பட்டதே 1899இல்தான் என்பதால், வடிவ விஷயத்தில் நான் எலும்பின் பக்கம்.

படி 3: ஃபான்சியே (இங்கே அவசரப்படாதீர்கள்)

1008இல் வந்த குவாங்யுன் என்ற ஒலியகராதி, உச்சரிப்பை இரண்டு எழுத்துகளால் குறிக்கும். இந்த முறைக்குப் பெயர்தான் ஃபான்சியே. முதல் எழுத்தின் தொடக்க மெய்யையும், இரண்டாவதன் மீதி ஒலியையும் தொனியையும் சேர்க்க வேண்டும்.

நம் எழுத்தின் முதல் குறிப்பு ஜி + லியாங். இன்றைய மாண்டரினில் கூட்டினால் 'ஜியாங்' வரும். சரியான விடையோ சாங்!

காரணம், அகராதி அன்றைய ஒலிகளைச் சொல்கிறது. 'பம்பரம்' சொல்லிப் பாருங்கள்: முதல் ப-வில் தொண்டை அதிராது, இரண்டாவதில் அதிரும். இந்த ஜி-யின் மெய் அன்று அப்படி அதிர்ந்த ஒலி. மாண்டரினில் அந்த அதிர்வு போய்விட்டது. போகும்போது, அன்றைய நான்கு தொனிகளில் ஒன்றான சமத் தொனியில் வந்த இடத்தில் மூச்சொலியாகவும், மற்றத் தொனிகளில் மூச்சில்லாததாகவும் மாறியது. லியாங் சமத் தொனி, எனவே சாங். நடுவிலிருந்த 'இ' பின்னர் உதிர்ந்தது.

இரண்டாவது குறிப்பு வேறொரு ஜி + ஜாங். இந்த ஜி அதிராதது. குறிப்பிலுள்ள ஜாங் இன்று 4ஆம் தொனி; ஆனால் அன்று அது ஏறு தொனி, பொதுவாக இன்றைய 3ஆம் தொனியாக வருவது. தன் மெய் அதிர்ந்ததால் அது பிறகு 4க்குப் போனது. நம் எழுத்துக்கு அந்த அதிர்வு இல்லையே, அதனால் 3லேயே நின்றது. தொனியை இன்றைய உச்சரிப்பிலிருந்து எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

மூன்றாவது, முதல் ஜி + லியாங் (4ஆம் தொனி): ஜாங், 4. இதற்குப் பொருள் 'மிகுதி, உபரி'.

சரிபார்க்க, தென்சீனாவில் பேசும் கான்டனீஸ் நல்லது. முதலிரண்டும் அதிலும் தெளிவாகப் பிரிந்தே இருக்கின்றன. ஜப்பானிய 'சோ' உதவாது, எல்லாம் ஒன்றாகிவிடும்.

படி 4: பொருளைப் பொருத்துங்கள்

நீளம், தொலைவு, எப்போதும் என்றால் சாங்: யாங்சி ஆற்றின் சீனப் பெயரான சாங்ஜியாங், பெருஞ்சுவரான சாங்செங். வளர்தல், மூத்தவர், தலைவர் என்றால் 3ஆம் தொனி ஜாங்: பள்ளி முதல்வர், மேயர் பதவிப் பெயர்களின் கடைசி எழுத்து இதுதான்.

பின்சேர்க்கை: அகராதியில் எழுத்து வேறு மாதிரி தெரிகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். சீனாவில் இன்று வழங்குவது 4 கோடுள்ள எளிய வடிவம். பழைய வடிவத்துக்கு 8 கோடு. காங்ஷி என்ற பழைய சீன அகராதியில் இதுவே 168ஆம் வேரெழுத்து (எழுத்துகளை வகைப்படுத்த உதவும் அடிப்படை வடிவம்). பழைய நூலுக்கு எப்போதும் 8 கோட்டு வடிவத்தையே தேடுங்கள்.

பயிற்சி வேண்டுமானால், சீனாவின் ஷான்ஹாய்குவானில் உள்ள மெங் ஜியாங்நு கோயில் ஈரடியின் ஓர் அடியை எடுங்கள். 'மிதக்கும் மேகம்' என்பதை அடுத்து இதே எழுத்து 7 முறை, பிறகு 'மறையும்'. பலரும் படிக்கும் முறை: ஜாங், சாங் சாங் ஜாங், சாங் ஜாங் சாங். மேகம் பெருகும், எப்போதும் எப்போதும் பெருகும், எப்போதும் பெருகி எப்போதும் மறையும்.